மேகத்துக்குக் குடிபோன மாணவர் தபால்பெட்டி

பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் ஓர் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். நூலகத்துக்கு ஓர் அட்டை கொடுக்கிறார்கள். மூன்றாவதாக இன்னொன்றும் கொடுக்கிறார்கள். அதைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. கல்லூரியின் பெயரைத் தாங்கிய ஓர் இ-மெயில் முகவரிதான் அது.

கட்டணம் கட்டச் சொல்லும் அறிவிப்பு, பரீட்சை அட்டவணை, உதவித்தொகை பற்றிய தகவல், கடைசி ஆண்டில் கம்பெனிகள் அனுப்பும் நேர்முகத் தேர்வு அழைப்பு எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வருகின்றன.

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும், டோம்பிவிலியிலும் இருந்துகொண்டு, பிள்ளையைக் கோவையிலோ நெல்லையிலோ விடுதியில் விட்டுப் படிக்க வைக்கும் குடும்பங்கள் ஏராளம். மும்பையிலேயே படிக்கும் பிள்ளைகளும் உண்டு. பெற்றோர் கண்ணில் படுவது கட்டண ரசீது மட்டும்தான். அந்தத் தபால்பெட்டி யார் வீட்டில் இருக்கிறது, எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

விசாரிக்க வேண்டிய விஷயம்தான் அது. ஏனென்றால் கடந்த 20 ஆண்டுகளில் உலகம் முழுவதும் அந்தப் பெட்டி வீடு மாறிவிட்டது. கதவில் எழுதியிருக்கும் பெயர் மாறவில்லை. வீட்டுக்காரர் மட்டும் மாறிவிட்டார்!

ஜூகுவில் தொடங்கிய கதை

இந்தியாவில் கல்லூரிகளுக்கு இ-மெயில் வந்த கதையில் மும்பைக்குப் பெரிய பங்கு உண்டு.

1986-ம் ஆண்டு மத்திய அரசின் மின்னணுத்துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு "எர்நெட்" என்ற கம்ப்யூட்டர் வலையமைப்பைத் தொடங்கியது. கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்காக ஏற்பட்ட வலையமைப்பு அது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட 5 ஐ.ஐ.டி.க்கள், டெல்லியில் மின்னணுத்துறை, மும்பை ஜூகுவில் இருந்த தேசிய சாப்ட்வேர் தொழில்நுட்ப மையம் ஆகிய எட்டும் அதில் முதலில் சேர்ந்தன. ஜூகு மையத்தின் இயக்குனராக இருந்தவர் ஸ்ரீனிவாசன் ரமணி. 2014-ல் "இன்டர்நெட் புகழ் மண்டப"த்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ந்தேதிதான். வி.எஸ்.என்.எல். நிறுவனம் அன்று அதைத் தொடங்கி வைத்தது. அதாவது, கடைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் இ-மெயில் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த நாட்டில் பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள்.

இ-மெயில் என்றதும் மும்பைத் தமிழர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரலாம். மும்பையில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சிவா அய்யாதுரை, 1978-ல் பள்ளி மாணவராக இருந்தபோது நியூஜெர்சியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காக "இமெயில்" என்ற பெயரில் ஒரு புரோகிராம் எழுதினார். 1982-ல் அதற்குப் பதிப்புரிமை பெற்றார். இ-மெயிலையே கண்டுபிடித்தவர் அவர்தான் என்ற வாதத்தைக் கம்ப்யூட்டர் வரலாறு எழுதுவோர் ஏற்கவில்லை. 1971-லேயே அமெரிக்க என்ஜினீயர் ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பிவிட்டார் என்கிறார்கள். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். இ-மெயில் வளர்ந்த இடங்களில் கல்விக்கூடமும் ஒன்று என்பது மட்டும் உறுதி.

ஏ.சி. அறைக்குள் ஒரு தபாலாபீஸ்

அந்த நாளில் பல்கலைக்கழகத்தின் இ-மெயில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்தது.

"கம்ப்யூட்டர் சென்டர்" என்று ஒரு கட்டடம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மூலையில் "சர்வர்" என்னும் பெரிய கம்ப்யூட்டர். வருகிற கடிதங்களை வாங்கி, பெயர் பார்த்துப் பிரித்து, அவரவர் பெட்டியில் போட்டு வைப்பது அதன் வேலை. தபாலாபீசில் சார்ட்டிங் செய்வது போலத்தான்.

இடம் குறைவு. ஒரு மாணவருக்குச் சில மெகாபைட் கொடுத்தாலே அதிகம். பெட்டி நிறைந்துவிட்டால் அடுத்து வரும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். அழைப்புக் கடிதமாக இருந்தாலும் அதே கதிதான்.

மின்சாரம் போனால் பேட்டரி தாங்கவேண்டும். பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர். வட்டு கெட்டுப்போனால் புது வட்டுக்கு டெண்டர் விடவேண்டும். அரசாங்க டெண்டர் எத்தனை மாதம் ஓடும் என்பது ஆபீசில் வேலை பார்க்கும் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதற்கிடையே குப்பைக் கடிதங்கள் வேறு. வராத கடனுக்கு வட்டி தருவதாகவும், எடுக்காத லாட்டரிக்குப் பரிசு விழுந்ததாகவும் வந்து குவியும். வடிகட்டத் தனி ஆள் வேண்டும்.

ஜூன், ஜூலையில் ஆயிரக்கணக்கில் புது மாணவர்கள் வருவார்கள். அத்தனை பேருக்கும் புதுப் பெட்டி திறக்கவேண்டும். பாஸ்வேர்டு மறந்தவர்கள் ஜன்னல் முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

மாணவர்களே முதலில் ஓடினார்கள்

இந்த நிலையில் வெளியே ஒரு மாற்றம் நடந்தது.

1996 ஜூலை 4-ந்தேதி "ஹாட்மெயில்" வந்தது. காசு கொடுக்காமல் யாரும் ஓர் இ-மெயில் முகவரி வைத்துக்கொள்ளலாம். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பெங்களூருவில் வளர்ந்த சபீர் பாட்டியா. அடுத்த ஆண்டே மைக்ரோசாப்ட் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிவிட்டது.

2004 ஏப்ரல் 1-ந்தேதி கூகுள் நிறுவனம் "ஜிமெயில்" என்று அறிவித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜிகாபைட் இடம் இலவசம் என்றது. அப்போது ஹாட்மெயில் இலவசமாகக் கொடுத்துவந்த இடம் 2 மெகாபைட். ஏறக்குறைய 500 மடங்கு! அறிவித்த தேதியைப் பார்த்து, இது முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள்.

வேடிக்கை அல்ல, நிஜம் என்று தெரிந்ததும் மாணவர்கள் கல்லூரிப் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். வருகிற கடிதமெல்லாம் நேராகத் தங்கள் சொந்த ஜிமெயிலுக்குப் போகும்படி திருப்பிவிட்டார்கள். இத்தனை செலவு செய்து பல்கலைக்கழகம் காத்துவந்த தபாலாபீஸ், வெறும் கைமாற்றும் இடமாகிவிட்டது.

2006 அக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. 65 ஆயிரம் மாணவர்களின் இ-மெயிலையும் கூகுளிடமே ஒப்படைப்பது என்று. பல்கலைக்கழகத்தின் பெயர் முகவரியில் அப்படியே இருக்கும். பெட்டி மட்டும் கூகுளின் கட்டடத்தில் இருக்கும். வாடகை கிடையாது. மாணவர்களுக்கு விளம்பரமும் காட்டுவதில்லை என்றார்கள். மைக்ரோசாப்ட்டும் "லைவ்@எடு" என்ற பெயரில் இதேபோல் இலவசமாகக் கொடுத்தது.

இரண்டு பெரிய கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஏன் இலவசமாகக் கொடுக்கவேண்டும்? இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. படிக்கும்போது எந்தக் கருவியில் கை பழகுகிறதோ, வேலைக்குப் போனபிறகும் அதையே கை தேடும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ரெமிங்டனில் பழகியவர், ஆபீசிலும் ரெமிங்டனையே கேட்டார் அல்லவா?

"மேகம்" என்பது என்ன?

இப்படி அடுத்தவர் கட்டடத்தில் உள்ள கம்ப்யூட்டரை இன்டர்நெட் வழியாகப் பயன்படுத்துவதைத்தான் ஆங்கிலத்தில் "கிளவுட்" என்கிறார்கள். மேகம் என்று பொருள். பெயர்தான் ஆகாயத்தில் இருக்கிறது. பொருள் தரையில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களும், குளிரூட்டும் எந்திரங்களும், ஜெனரேட்டர்களும் நிறைந்த பெரிய கட்டடங்கள் அவை.

மைக்ரோசாப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களில் இத்தகைய மையங்களைத் தொடங்கியது. கூகுள் 2017-ல் மும்பையில் தொடங்கியது. அதனால் நம் பிள்ளையின் கடிதம் மும்பையில்தான் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. ஒரே கடிதத்தைப் பல இடங்களில் பிரதி எடுத்து வைப்பார்கள். ஓர் இடத்தில் நெருப்புப் பிடித்தாலும் மற்றோர் இடத்தில் இருக்கும். பத்திரத்துக்குப் பத்திரம், ஆனால் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று மாணவரால் சொல்ல முடியாது.

மாற்றுவது எப்படி?

மும்பையில் அறை மாறிய அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? டெம்போவில் சாமான் ஏற்றுவது ஒரு வேலை. பழைய விலாசத்துக்கு வரும் தபாலைப் புது இடத்துக்கு வரவழைப்பது இன்னொரு வேலை. இங்கேயும் அந்த இரண்டும்தான்.

முதலில் தபாலைத் திருப்புவது எப்படி என்று பார்ப்போம். எந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை எந்தக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்பதற்கு இன்டர்நெட்டில் ஒரு பொது விலாசப் புத்தகம் இருக்கிறது. அதில் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேராக ஒரு வரி உண்டு. "எம்.எக்ஸ். பதிவு" என்று அதற்குப் பெயர். அந்த ஒரு வரியை மாற்றி எழுதினால் போதும். அடுத்த கடிதம் புது வீட்டுக்குப் போகும்.

ஆனால் உலகத்தில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்கள் ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. ஒருமுறை பார்த்ததைக் கொஞ்சநேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த நேரம் ஒரு நாளாகக்கூட இருக்கலாம். அதுவரை சில கடிதங்கள் பழைய வீட்டுக்கும், சில புது வீட்டுக்கும் போகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சில நாட்களுக்கு முன்பே, "இதை ஐந்து நிமிடத்துக்கு மேல் நினைவில் வைக்காதே" என்று அந்த வரியில் குறிப்பு எழுதிவிடுவார்கள். பழைய சர்வரையும் உடனே நிறுத்தாமல் சில வாரம் ஓடவிடுவார்கள். விடுமுறையில் மாற்றுவதும் இதற்காகத்தான். பரீட்சை நேரத்தில் மாற்றுகிற கல்லூரியை என்னவென்று சொல்வது!

சாமான் ஏற்றுவதுதான் கஷ்டமான பகுதி. பழைய பெட்டியில் உள்ள கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துப் புதுப் பெட்டியில் வைக்கவேண்டும். கம்ப்யூட்டரே செய்யும் என்றாலும், ஆயிரக்கணக்கான பேருடைய கடிதங்கள் என்றால் பல நாள் ஓடும். வேகமாக அனுப்பினால் வாங்குகிற கம்பெனியே "மெதுவாக" என்று தடுத்துவிடும்.

பாஸ்வேர்டை மட்டும் பிரதி எடுக்க முடியாது. ஒழுங்காக நடத்தப்படும் சர்வரில் பாஸ்வேர்டை எழுதியபடியே வைப்பதில்லை. உருத்தெரியாமல் மாற்றித்தான் வைத்திருப்பார்கள். அதில் இருந்து பழைய உருவத்தைத் திரும்ப எடுக்க வழி இல்லை. எனவே எல்லோருக்கும் புதுப் பாஸ்வேர்டு கொடுக்கவேண்டும். அல்லது கல்லூரியின் வாசலிலேயே அடையாளம் பார்த்து உள்ளே அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யவேண்டும்.

இதில் எது தொலையும்? சர்வரில் இருந்த கடிதம் பெரும்பாலும் தொலையாது. தொலைவது ஓரங்கட்டிக் கிடந்தவைதான். மாணவர் தனியாகச் சேர்த்து வைத்திருந்த விலாசப் பட்டியல் வராமல் போகலாம். "இந்தக் கடிதத்தை என் சொந்தப் பெட்டிக்கு அனுப்பு" என்று முன்பு எழுதிவைத்த கட்டளையும் புது வீட்டுக்கு வராது. சிலர் கடிதங்களைத் தங்கள் கம்ப்யூட்டரிலேயே இறக்கி, சர்வரில் இருந்து அழித்துவிடும் முறையில் வைத்திருப்பார்கள். சர்வரில் இல்லாததை யார் கொண்டுபோக முடியும்?

கட்டளை வராமல் போவதுதான் ஆபத்தானது. மாணவர் தன் சொந்தப் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். கல்லூரிக் கடிதம் ஒன்றும் வரவில்லையே என்று நிம்மதியாக இருப்பார். கட்டணத்துக்குக் கடைசித் தேதி, புது வீட்டில் திறக்கப்படாத பெட்டியில் கிடக்கும்.

யார் படிக்கிறார்கள்?

அடுத்தவர் வீட்டில் பெட்டியை வைத்தால், வீட்டுக்காரர் பிரித்துப் பார்ப்பாரோ என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்? வந்தது. மாணவர்களை விடப் பேராசிரியர்களே அதிகம் கேட்டார்கள்.

கனடாவில் லேக்ஹெட் பல்கலைக்கழகம் 2006-ல் தன் இ-மெயிலைக் கூகுளுக்கு மாற்றியது. கடிதங்கள் அமெரிக்கக் கம்பெனியின் கைக்குப் போனால், அமெரிக்க அரசு அந்த நாட்டுச் சட்டப்படி அவற்றைக் கேட்டு வாங்கலாமே என்று ஆசிரியர் சங்கம் ஆட்சேபித்தது. விவகாரம் நடுவர் முன்னிலைக்குப் போனது. 2009-ல் நடுவர் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தார். இ-மெயில் பழைய முறையில் இருந்தாலும் சரி, புது முறையில் இருந்தாலும் சரி, அதன் ரகசியம் ஒரு தபால் கார்டின் ரகசியம்தான் என்பது அவர் கருத்து. தபால் கார்டில் எழுதியதைத் தபால்காரர் படிக்கக்கூடாது என்றால் முடியுமா?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2010-ல் மாற்றத்தைத் தள்ளிவைத்து யோசித்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம், ஆசிரியர், ஊழியர்களுக்கு ஜிமெயில் கொடுக்கும் சோதனையை நிறுத்திவிட்டது. மாணவர்களுக்கு மட்டும் தொடர்ந்தது. ஆசிரியர் கடிதத்துக்கு ரகசியம் வேண்டும், மாணவர் கடிதத்துக்கு வேண்டாமா என்று கேட்கத் தோன்றுகிறது!

பேராசிரியர்கள் சந்தேகப்பட்டது வீண் அல்ல என்பது பிறகு தெரிந்தது. மாணவர்களுக்கு விளம்பரம் காட்டுவதில்லையே தவிர, அவர்களுடைய கடிதங்களைக் கம்ப்யூட்டர் விளம்பர நோக்கத்தில் அலசியது உண்டு என்பது, அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கின்போது வெளியே வந்தது. 2014 ஏப்ரல் கடைசியில், கல்விக்கூடக் கணக்குகளில் இனி அப்படிச் செய்வதில்லை என்று கூகுள் அறிவித்தது. வைரசும் குப்பைக் கடிதமும் வந்தால் பிடிப்பதற்காக இப்போதும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்க்கத்தான் செய்கிறது. அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை.

இன்னொன்றையும் மாணவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். கல்லூரி முகவரி கல்லூரியின் சொத்து. தேவைப்பட்டால் நிர்வாகம் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவும், பூட்டவும் வழி இருக்கிறது. வார்டனைத் திட்டி நண்பனுக்கு எழுதும் கடிதத்துக்கு அது ஏற்ற இடம் அல்ல.

இந்தியாவில்...

நம் நாட்டிலும் இது நடந்தது. 2012 ஏப்ரலில் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், மைக்ரோசாப்ட்டோடு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும், அவற்றில் படிக்கும் 70 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கும் மேகத்தில் இ-மெயில் தருவது என்று. அதன்பிறகு, சொந்தமாக சர்வர் வாங்க வசதி இல்லாத கல்லூரிகள்கூட, தம் பெயரில் மாணவர்களுக்கு முகவரி கொடுக்கத் தொடங்கின. 2020-ல் கொரோனா வந்து வகுப்புகள் செல்போனுக்குள் போனபோது, அந்த முகவரி இல்லாமல் பல இடங்களில் வகுப்பிலேயே உட்கார முடியவில்லை.

அரசாங்கமும் இதே வழிக்கு வந்திருக்கிறது. ஏறக்குறைய 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் இ-மெயில், தமிழ்நாட்டில் தலைமையகம் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஏற்பாட்டுக்கு மாறியிருப்பதாக 2025-ல் செய்தி வந்தது. மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் வாசகர்கள் பலர், இந்த வீடு மாற்றத்தைத் தங்கள் மேஜையிலேயே பார்த்திருப்பார்கள்.

கல்லூரிகள் செய்தது தவறு என்று கூற முடியாது. சிறிய கல்லூரி ஒன்று தனக்கென்று சர்வர் வைத்து, ராப்பகலாகக் காவல் காத்து, இந்தத் தரத்துக்கு இ-மெயில் தருவது நடக்காத காரியம். மாணவர்களுக்கு இதனால் கிடைத்தது அதிகம். குறை எங்கே என்றால், "இது நம் வீடு அல்ல, வாடகை வீடு" என்பதைப் பல கல்லூரிகள் மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை.

இலவசம் முடிந்தது

மும்பையில் வாடகை வீட்டுக்கு 11 மாத ஒப்பந்தம். 12-வது மாதம் என்ன ஆகும் என்பது வீட்டுக்காரர் கையில். இங்கே 15 ஆண்டுகள் கழித்து வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

கல்விக்கூடங்களுக்கு அளவில்லாத இடம் என்பது முடிந்தது என்று 2021 பிப்ரவரியில் கூகுள் அறிவித்தது. இனி ஒரு கல்விக்கூடம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் மட்டுமே இலவசம். ஏற்கனவே இருப்பவர்களுக்கு 2022 ஜூலை முதல் இது நடைமுறைக்கு வரும் என்றது. மைக்ரோசாப்ட்டும் இதேபோல் 2024-ல் இருந்து கல்விக்கூடங்களுக்கு எல்லை வகுத்தது.

100 டெராபைட் என்பது சிறிய அளவு அல்ல. 10 கோடி ஆவணங்களுக்கு மேல் அடங்கும் என்று கூகுளே கணக்குச் சொன்னது. ஆனால் பங்கு போட்டுப் பாருங்கள். ஒரு டெராபைட் ஏறக்குறைய ஆயிரம் ஜிகாபைட். ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் தலைக்கு 100 ஜிகாபைட் வருகிறது. மன்னர் வாழ்வு! 20 ஆயிரம் பேர் உள்ள பல்கலைக்கழகத்தில் தலைக்கு 5 ஜிகாபைட்தான். கடைத்தெருவில் யார் வேண்டுமானாலும் திறக்கும் சாதாரண ஜிமெயிலிலேயே 15 ஜிகாபைட் கிடைக்கிறது. இந்த 5-க்குள்தான் பேராசிரியரின் வகுப்பு வீடியோவும், ஆபீஸ் பைல்களும் அடங்கவேண்டும்.

இடம் போதாவிட்டால் குடும்பத்தில் என்ன செய்வார்கள்? முதலில் வெளியூர்க்காரரைப் பார்த்து, "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்பார்கள். பல்கலைக்கழகங்களும் அதைத்தான் செய்தன. படித்து முடித்துப் போனவர்களுக்கு ஆயுள் முழுவதும் முகவரி உண்டு என்று வாக்குக் கொடுத்திருந்த இடங்கள்கூடப் பின்வாங்கின. பழைய மாணவர்களின் பெட்டிகளைப் பூட்டின. இன்று சில இடங்களில் படிப்பு முடிந்து சில மாதங்களில் பெட்டி மூடப்படுகிறது. சில இடங்களில் ஓர் ஆண்டு விட்டுவைக்கிறார்கள். கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு.

பூட்டுவதற்கு முன்னால் எச்சரிக்கை அனுப்புவார்கள். எங்கே அனுப்புவார்கள்? அந்தப் பெட்டிக்கேதான்! வேலைக்குப் போய்விட்ட பிள்ளை அதைத் திறந்து பார்த்தால்தானே?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மதிப்பெண் பட்டியலின் பிரதி இருக்கும். பயிற்சிக் காலத்துக்குக் கம்பெனி கொடுத்த சான்றிதழ் இருக்கும். கட்டண ரசீதுகள் இருக்கும். வங்கிக் கல்விக் கடனுக்கு அவை வேண்டும். மேல்படிப்புக்குப் பரிந்துரை தருவதாகப் பேராசிரியர் எழுதிய கடிதம் இருக்கும். இவை போனால் மறுபடி வாங்கலாம். ஆனால் மும்பையில் இருந்து ரெயில் ஏறிப் போய், கல்லூரி ஆபீசில் மனுக் கொடுத்து, ஒரு வாரச் சம்பளத்தை இழந்து வாங்கவேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கல்லூரியில் கொடுத்த முகவரியையே பல பிள்ளைகள் வங்கிக் கணக்குக்கும், பான் கார்டுக்கும், பாஸ்போர்ட் மனுவுக்கும், வேலைவாய்ப்பு இணையதளங்களுக்கும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு மறந்தால் புதுப் பாஸ்வேர்டு அந்த முகவரிக்குத்தான் வரும். முகவரியே இல்லாதபோது எங்கே வரும்? வங்கிக்கும் ஆபீசுக்கும் நடையாய் நடக்கவேண்டும்.

எனவே, படிப்பு முடிவதற்கு ஆறு மாதம் முன்பே சில காரியங்களைச் செய்துவிடுவது நல்லது.

பிள்ளை தன் சொந்தப் பெயரில் ஒரு முகவரி திறந்துகொள்ளட்டும். வங்கி, பான், பாஸ்போர்ட், வேலை மனு எல்லாவற்றிலும் அதையே கொடுக்கட்டும். ஏற்கனவே கல்லூரி முகவரியைக் கொடுத்திருந்தால், அது உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடவேண்டும். ஏனென்றால் மாற்றுவதற்கான சம்மத எண் சில இடங்களில் பழைய முகவரிக்கே வருகிறது.

பழைய கடிதங்களை எடுத்துப்போகவும் வழி உண்டு. கூகுளில் "டேக்அவுட்" என்று ஒரு வசதி இருக்கிறது. பெட்டியில் உள்ளதை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். கல்லூரிக் கணக்கில் இருப்பதை நேராகச் சொந்தக் கணக்குக்கு மாற்றும் ஏற்பாடும் உண்டு. இரண்டுக்கும் கல்லூரி அனுமதித்திருக்கவேண்டும். அனுமதி இல்லை என்று வந்தால் கம்ப்யூட்டர் சென்டரில் போய்க் கேட்கவேண்டும். அதுவும் முடியாவிட்டால், முக்கியமான இருபது முப்பது கடிதங்களையாவது ஒவ்வொன்றாகச் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ளலாம். வந்த கடிதங்களோடு, தான் அனுப்பிய கடிதங்களையும் எடுக்கவேண்டும். விண்ணப்பம் போட்டதற்கு அத்தாட்சி அங்கேதான் இருக்கும்.

சொந்தக் கணக்கு என்றாலும் திறந்து வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. இரண்டு ஆண்டு எட்டிப் பார்க்காத சொந்தக் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கி வருகிறது.

கடைசியாக, மும்பைப் பெற்றோர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு விஷயம். சேர்க்கையின்போது படிவத்தில் பெரும்பாலும் அப்பாவின் செல்போன் எண்ணைத்தான் எழுதியிருப்போம். இப்போது இ-மெயிலைத் திறக்க, பாஸ்வேர்டு போதாது என்று செல்போனுக்கும் ஓர் எண் அனுப்புகிறார்கள். பிள்ளை நெல்லை விடுதியில் காலை 9 மணிக்குத் திறக்க முயலும். எண் இங்கே அப்பாவின் செல்போனுக்கு வரும். அப்பா அந்த நேரம் தொழிற்சாலை வாசலில் செல்போனை ஒப்படைத்துவிட்டு உள்ளே போயிருப்பார். சில நிமிடத்தில் எண் செல்லாது. சிலர் ஊர் மாறும்போது சிம் கார்டையும் மாற்றிவிடுகிறார்கள். அப்போது எண் யாருக்கோ போகும்.

அடுத்த முறை பிள்ளை விடுமுறைக்கு வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, கல்லூரிக் கணக்கிலும் சொந்தக் கணக்கிலும் பிள்ளையின் செல்போன் எண்ணையே பதிவு செய்துவிடலாம். அரை மணி நேர வேலை. செய்து முடித்ததும் கல்லூரி முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி, அது வந்து சேருகிறதா என்று அங்கேயே திறந்து பார்த்துவிடுங்கள்.